பாதை ஹோமாலஜியா, திசைக் கொடி வளாகமா? ஒரு சதுரம் போதும் முடிவெடுக்க

க→ச→த, க→ட→த. நான்கு முனை, நான்கு அம்பு. இதில் ஓட்டை உண்டா? திசைக் கோட்டுருவுக்கான (அம்புகளால் இணைந்த முனைகளின் வலை) ஹோமாலஜிகள், அதாவது ஓட்டைகளை எண்ணும் முறைகள், பிரியும் இடம் இதுதான்.

திசைக் கொடி வளாகத்தில், முன்னே நிற்கும் ஒவ்வொரு முனையிலிருந்தும் பின்னே நிற்கும் எல்லா முனைக்கும் அம்பு இருந்தால்தான் சிம்ப்ளெக்ஸ் (புள்ளி, கோடு, நிரம்பிய முக்கோணம், அவற்றின் உயர்பரிமாண வடிவங்கள்). சதுரத்தில் க→த இல்லை. முக்கோணமே கிடைக்காததால் முதல் பெட்டி எண் (Betti number: நிரம்பாத சுழல்களின் எண்ணிக்கை) 1.

கிரிகோரியன், லின், முரானோவ், யாவ் ஆகியோரின் பாதை ஹோமாலஜி வேறு கணக்குப் போடுகிறது. க-ச-த என்ற பாதையின் எல்லையில் (முனைகளை ஒவ்வொன்றாக விட்டு, கூட்டியும் கழித்தும் கிடைப்பது) கோட்டுருவில் இல்லாத க→த வருகிறது, க-ட-த-விலும் அதே. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அது அடிபட்டுப்போகிறது. மிஞ்சும் வித்தியாசம் சதுரத்தை நிரப்பிவிடும்: பெட்டி எண் 0. ஆனால் எல்லாச் சதுரமும் நிரம்பாது. க→ச, ட→ச, ட→த, க→த என்று அம்புகளை மாறி மாறி வைத்தால் ஈரடிப் பாதையே இல்லை, விடை 1.

க→ச→ட→க என்ற சுழற்சிக்கு இரண்டும் 1 என்றே சொல்கின்றன. திசையைத் துறந்து சாதாரணக் கொடி வளாகம் கட்டினால் முக்கோணம் அடைபட்டு 0 ஆகிவிடும். பின்னூட்டச் சுழலைத் தேடுபவர் இந்தக் குறுக்குவழியைத் தொடவே கூடாது.

இருவழி அம்பில் (க⇄ச) மறுபடி பிளவு: கொடி வளாகத்தில் இரண்டு அம்பும் தனித்தனி, எனவே 1, பாதை ஹோமாலஜியில் க-ச-க நிரப்புவதால் 0. மூன்று முனையும் எல்லாத் திசையிலும் இணைந்திருந்தால் கொடி வளாகத்தின் இரண்டாம் பெட்டி எண் (மூடிய வெற்றுக் குழிகளின் எண்ணிக்கை) 2. பாதை ஹோமாலஜியில் ஒற்றை முனைக்குக் கிடைப்பதற்கு மேல் எதுவும் வராது. கொடி வளாகத்தின் எண் திடீரென வீங்கினால் முதலில் இருவழி அம்புகளை எண்ணிப் பாருங்கள்.

பாதை ஹோமாலஜி ஹோமோடோபிக்கு (தொடர்ச்சியான உருமாற்றத்துக்கு) மாறாதது. பெட்டிப் பெருக்கத்துக்கு (box product: இரு கோட்டுருக்களைக் கட்டம்போல் பெருக்குவது), பகுதிகளின் விடையிலிருந்து முழுவிடை தரும் குன்னெத் சூத்திரமும் உண்டு. திசையிட்ட கனசதுரத்தின் முதல் பெட்டி எண் அதில் 0, கொடி வளாகத்திலோ 12−8+1=5. கோட்பாட்டளவில் எங்கள் ஓட்டு பாதை ஹோமாலஜிக்கே.

கணினியில் நிலைமை தலைகீழ். கொடி வளாகத்துக்கு ஃப்ளாக்சர் என்ற மென்பொருள் இருக்கிறது. 2017இல் மூளையைக் கணினியில் உருவகிக்கும் புளூ பிரெயின் திட்டக் குழு சுமார் 31,000 நியூரான்களும் 80 லட்சம் இணைப்புகளும் கொண்ட மாதிரியை ஆராய்ந்தது இவ்வகைச் சிம்ப்ளெக்ஸ்களை வைத்துத்தான். பாதை ஹோமாலஜியில் சங்கிலிகளின் (பாதைகளின் கூட்டல்கள்) அடித்தளத்தையே ஓர் அணியின் உட்கருவாகக் (அந்த அணி பூச்சியமாக்கும் திசையன்களாக) கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே 1000, வெளியே 1000 அம்புள்ள ஒரே முனை 10 லட்சம் ஈரடிப் பாதைகளைத் தரும். முதல் பெட்டி எண் மட்டும் போதுமென்றால் தப்பிக்கலாம்: இருவழி அம்பு, முக்கோணம், சதுரம் மூன்றே நிரப்பிகள். நேரடி அம்பில்லாத வெவ்வேறு இரு முனைகளுக்கு நடுவே ம இடைமுனைகள் இருந்தால், ஒன்றை நங்கூரமாக வைத்து ம−1 சதுரங்கள் எடுத்தால் போதும். எல்லா ஜோடியையும் எடுத்தால் அணி வீணாக உப்பும். தற்சுழல் அம்புகளை (ஒரு முனையிலிருந்து அதற்கே திரும்புபவை) முன்பே நீக்கிவிடுங்கள்.

ஹெப்வொர்த், வில்லர்டன் தொடங்கிய அளவை ஹோமாலஜி நீளத்தையும் சேர்த்துப் பதிகிறது. முதல் சதுரத்தில் (1,1) இடத்தில், அதாவது படி 1, நீளம் 1 என்ற இடத்தில் 4, (2,2) இடத்தில் 1. அந்த 1 மேலே சொன்ன அதே வித்தியாசம்தான்! தற்செயல் அல்ல: அளவை ஹோமாலஜி முதல் பக்கமாக அமையும் நிறமாலைத் தொடரின் (பக்கம் பக்கமாக ஹோமாலஜியைக் கணக்கிடும் கருவி) இரண்டாம் பக்க மூலைவிட்டத்தில் பாதை ஹோமாலஜி உட்கார்ந்திருப்பதை அசாவோ காட்டினார்.

கோஹோமாலஜிக்கு (ஹோமாலஜியின் இரட்டை வடிவம்) போவதால், புலத்தின் (வகுத்தலும் செய்யக்கூடிய எண் அமைப்பு) மேல் முடிவுள்ள கோட்டுருவுக்குப் பரிமாணம் மாறாது, கிடைப்பது பெருக்கல். பாதை இயற்கணிதத்தின் (பாதைகளை ஒட்டிப் பெருக்கும் அமைப்பு) ஹோக்ஷில்ட் கோஹோமாலஜியை (இயற்கணிதங்களுக்கான கோஹோமாலஜி) நாடுவோருக்கு ஓர் எச்சரிக்கை: 2ஆம் படி முதல் அது பூச்சியமே.