விவசாயக் காட்டில் தொலைந்த நகையும் மெட்டல் டிடெக்டரும்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

கருவி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை அடி ஆழம் எடுக்கும்?" 11 அங்குல டிடி காயில் (தரைமேல் வீசும் தட்டு, உள்ளே D வடிவக் கம்பிச்சுருள் இரண்டு) போட்ட, விஎல்எஃப் எனும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் சாதாரணக் கருவி ஒரு காசை அரையடி, மிஞ்சினால் முக்கால் அடி ஆழத்தில் சொல்லும். சின்ன மோதிரம் அதற்கும் குறைவு. இரும்புச் சத்துள்ள செம்மண்ணில் இன்னும் குறையும். அதனால் மண் மாறும் இடத்திலெல்லாம் காயிலைத் தரையருகே ஏற்றி இறக்கி, மண்ணால் வரும் சத்தம் அடங்கும்வரை கருவியைச் சரிசெய்யுங்கள்; இதுதான் கிரவுண்ட் பேலன்ஸ். செம்மண்ணில் வைத்த அளவு கரிசலில் செல்லாது.

ஆழம் அல்ல, பரப்புதான் ஆளைத் தின்னும். ஒரு சென்ட் இடத்தை ஒழுங்காகத் தேட அரை மணி நேரம் பிடிக்கும். கயிறு கட்டி ஒரு மீட்டர் அகலத்துக்குப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூடும்படி நகருங்கள். முடிந்ததும் குறுக்குவாட்டில் மறுபடி. கை ஓய்ந்தால் வீச்சின் இரண்டு முனையிலும் காயில் தானாக மேலே எழும்பும். ஓரத்தில் கிடப்பது கேட்காமல் போவது அப்படித்தான்.

அடுத்த சோதனை இரும்பு. காளை பூட்டி உழுத காடுகளில் லாட ஆணி, கொழுத் துண்டு, கட்டுக்கம்பி எல்லாம் கிடக்கும். சலித்துப்போய் இரும்புக்குச் சத்தமே வராதபடி கருவியில் முழுதாக ஒதுக்கிவைத்தால், ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் தங்கமும் சேர்ந்து மறையும். இப்போது புழங்கும் 1, 2 ரூபாய்க் காசுகள்கூடக் காந்தம் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். கருவி அவற்றையும் இரும்பென்று தள்ளலாம். கருவியின் திரையில் சின்ன மோதிரம் காட்டும் எண்ணும் மாத்திரை அட்டை காட்டும் எண்ணும் ஏறக்குறைய ஒன்று. தோண்டினால்தான் தெரியும், வேறு வழியில்லை.

சங்கிலி இன்னும் மோசம். மெல்லிய கொடியைக் கருவி ஒரே பொருளாகப் பார்க்காது. கண்ணி கண்ணியாகப் பார்க்கும். தாலி, குண்டு, கொக்கிதான் சத்தம் தரும். எனவே காதுக்கு எட்டியும் எட்டாத சத்தத்தையும் விடக் கூடாது. கிடைக்கவில்லை என்றால் அடுத்த உழவு முடிந்ததும் திரும்பப் போங்கள். மண் புரளும்போது செங்குத்தாக நின்ற மோதிரம் படுக்கையாகும், ஆழத்தில் கிடந்தது மேலேயும் வரும். மஞ்சள் காடானால் அறுவடைக் கொத்து முடிந்த கையோடு போவது உத்தமம்.

மோட்டார் ரூம், மின்கம்பி, சட்டைப் பையிலுள்ள செல்போன் மூன்றும் கருவியைப் பிதற்ற வைக்கும். போனை அணைத்துவிட்டு, சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) கொஞ்சம் குறையுங்கள். அப்போதும் பிதற்றினால் காயிலின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சேர்ந்த கருமணல் பொய்ச் சத்தம் தரும். வாரம் ஒருமுறை தட்டித் துடைத்தால் போதும். காயில் ஒயர் தண்டில் தளர்ந்து ஆடினாலும் இதே தொல்லைதான்.

கொடுமணல் போன்ற அகழாய்வு இடங்கள், கரூர் அமராவதிப் படுகை பக்கம் கருவியோடு போகவே வேண்டாம். பழங்காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற தகவல், தோண்டி எடுத்த நிமிடமே போய்விடும். சொந்தக் காட்டில் தேடினாலும், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் புதையல் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவித்தாக வேண்டும்.