முதல் மிதி, இரண்டாவது மிதி: பழைய ஃபோர் பை ஃபோருடன் நான்கு வருடம்

வாங்கிய அன்றே வண்டி பிரேக் விஷயத்தைச் சொல்லிவிட்டது. எனக்குத்தான் காது கேட்கவில்லை. குண்டும் குழியுமான மண் பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு முதல் தடவை பிரேக்கை மிதித்தால் பெடல் பாதி ஆழம் சும்மா போகும். உடனே இன்னொரு தடவை மிதித்தால் மேலேயே பிடித்துக்கொள்ளும். நேரான நல்ல சாலையில் ஒரு குறையும் தெரியாது. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார் விற்றவர். நானும் தலையாட்டினேன்.

வாங்கும்போதே வண்டிக்கு 22 வயது. டீசல், ஐந்து கியர், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஹைட்ராலிக் கிளட்ச். இதுவரை 38,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அதில் நல்ல பங்கு சேறு, மணல், ஓடை. எஞ்சினோ, முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸோ என்னைப் படுத்தியதில்லை. படுத்தியது பிரேக்கும் கிளட்சும்தான். ஆகவே மைலேஜ், சொகுசு பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. சொகுசு கிடையாது, அவ்வளவுதான்.

முதலில் காட்டிய மெக்கானிக் சோதனையை ஒழுங்காகத்தான் செய்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை ஐந்தாறு தடவை மிதித்து, காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய்தார். பெடல் லேசாகக் கீழே இறங்கியது. கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். பிறகு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தார், பெடல் அசையவில்லை. வெளியே ஆயில் கசிவு இல்லாமல் பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். இங்கே இறங்கவே இல்லை. அப்படியிருந்தும் "மாஸ்டர் சிலிண்டரை மாத்திடலாம் சார்" என்றார். இறங்காத பெடலுக்கு எதற்குப் புது சிலிண்டர் என்று அந்த நிமிடம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மாற்றினோம், குழாயில் சிக்கிய ஏரை வெளியேற்றினோம். மறுநாள் மண் பாதையில் அதே கதை.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். ஏர் இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், அதுவும் எல்லா நேரமும். பின் டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருந்தால், நின்ற இடத்திலும்கூட ஒவ்வொரு முறையும் முதல் மிதி ஆழமாகப் போகும். என் வண்டியில் குலுங்கிய பிறகு மட்டும்தான் முதல் மிதி கெட்டது. அப்படியென்றால் குலுங்கும்போது எதுவோ, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடுகளைப் பின்னால் தள்ளுகிறது.

முன் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் ஆட்டம் பேரிங்கிலா, அதற்கும் உள்ளே, சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னிலா? அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் டயரை ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் அல்லது பால் ஜாயின்ட். எனக்கு நின்றுவிட்டது. பேரிங் தளர்ந்து, குலுங்கலில் டிஸ்க் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து, பேடையும் அதைத் தள்ளும் பிஸ்டனையும், அவற்றைத் தாங்கும் காலிபருக்குள் தள்ளிவிட்டிருக்கிறது. என் வண்டியின் காலிபர் நகராத வகை, இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ளது. அதனால் டிஸ்க் கொஞ்சம் சாய்ந்தாலே போதும். முதல் மிதி பிஸ்டனைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதிலேயே தீர்ந்துவிடும், இரண்டாவது மிதிதான் வண்டியை நிறுத்தும். பேரிங்கைத் திறந்து கிரீஸ் அடைத்து ஹப் நட்டைச் சரியாக முறுக்கியதும் பிரச்சினை போய்விட்டது. புது மாஸ்டர் சிலிண்டர் மட்டும் இருக்கிறது, சும்மா அழகுக்கு.

அடுத்தது பின் பிரேக். ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் நிற்கவில்லை. டிரம்மைக் கழற்றினால் வலது பக்க ஷூ முழுக்க ஈரம். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் கசிகிறதா, ஆக்சிலின் கியர் ஆயிலைத் தடுக்கும் சீல் போனதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். கியர் ஆயிலின் கந்தக நாற்றம் பழகினால் மூக்கே சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். சாதாரண பிரேக் ஆயில் கரைந்துவிடும், கியர் ஆயில் மிதக்கும். என்னுடையது மிதந்தது. சீலை மாற்றினேன், மூன்றே மாதத்தில் மறுபடியும் கசிந்தது. காரணம் சீல் இல்லை. ஆக்சிலின் பிரீதர், அதாவது காற்று போய்வரும் சின்னத் துவாரம், சேற்றில் அடைத்துப் போயிருந்தது. ஓட ஓட உள்ளே காற்று சூடாகி விரியும், வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் இதற்கு நேர்மாறு: உள்ளே சுருங்கி, சீல் வழியாகவே தண்ணீரை இழுக்கும். கியர் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. இப்போது பிரீதரில் நீளமான குழாய் மாட்டி பானெட்டுக்குள் உயரத்தில் கட்டிவைத்திருக்கிறேன். ஆயில் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. லைனிங்கின் உள்ளே ஊறிய ஆயில் சூட்டில் திரும்ப வெளியே வரும். புதுசு போடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்தே.

சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் உயர்த்தியது நானாகத் தேடிக்கொண்ட வினை. அதற்குப் பிறகு பிரேக் அடித்தால் மூக்கு அளவுக்கு மீறிக் குத்தியது, பின்பக்கம் வேலை செய்வதாகவே தெரியவில்லை. பல பழைய வண்டிகளில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு ஒன்று இருக்கும். பின்பக்கம் சுமையில் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். உயர்த்திய வண்டியை அது எப்போதும் காலி வண்டி என்றே நினைக்கிறது. ஆக்சில் பக்கத்தில் கம்பியின் பிடிமானத்தை அதே அளவு உயர்த்திக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

பிரேக் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம். வாங்கியபோது டப்பாவில் இருந்தது டிக்காஷன் நிறம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு விதிக்கப்பட்ட அளவோ 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். ஆயில் ஆவியாகி, பெடல் தரையைத் தொடும். எனக்கு ஒரு தடவை நடந்தது. வேகம் குறைந்து இழுவை கூடும் லோ ரேஞ்சில் இரண்டாவது கியர் போட்டதால் தப்பித்தேன். இப்போது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றிவிடுகிறேன்.

இனி கிளட்ச். இங்கேயும் அதே முட்டாள்தனத்தைச் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரிவர்ஸ் போடும்போது 'கரக்' என்று சத்தம். பெடலை முழுதாக மிதித்து ஐந்து விநாடி பொறுத்துப் போட்டாலும் சத்தம். கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, அது உறுதி. நழுவும் கிளட்சுக்கு அறிகுறி வேறு: உயர் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் மட்டும் கத்தும், வேகம் ஏறாது. என் வண்டி நழுவவில்லை, பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பரை விலக்கிப் பார்த்தேன், லேசான ஈரம். அவ்வளவுதான், ஸ்லேவையும் கிளட்ச் மாஸ்டரையும் மாற்றிவிட்டேன். சத்தம் அப்படியே இருந்தது.

பார்க்க வேண்டியதை நான் பார்க்கவில்லை. ஹைட்ராலிக்கில் ஏர் இருந்தாலோ ஆயில் குறைந்தாலோ பெடலை இரண்டு மூன்று தடவை அடித்தால் கொஞ்சமாவது முன்னேற்றம் தெரியும். என் வண்டியில் பத்து தடவை அடித்தாலும் இம்மியும் மாறவில்லை. கூடவே பெடலை மிதிக்கும்போது கதவுக் கீல் மாதிரி ஒரு கிரீச். இரண்டாவது மெக்கானிக் கீழே படுத்து, என்னை மிதிக்கச் சொல்லி, ஸ்லேவின் தள்ளுகம்பி எவ்வளவு நகர்கிறது என்று அளந்தார். முழு அளவும் நகர்ந்தது. "வெளியில எல்லாம் நல்லா இருக்கு சார். கோளாறு ஹவுசிங்குக்கு உள்ள" என்றார்.

கியர்பாக்ஸை இறக்கினால், கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான ரிலீஸ் ஃபோர்க் உட்காரும் உருண்டை ஃபோர்க்கின் தகட்டையே குடைந்து கிட்டத்தட்ட மறுபக்கம் வந்திருந்தது. கம்பி தள்ளியதெல்லாம் அந்தக் குழியிலேயே வீணாகியிருக்கிறது. ஃபோர்க்கோடு சேர்த்து பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பிளைவீல் நடுவிலுள்ள சின்ன பேரிங் எல்லாவற்றையும் மாற்றினோம். கியர்பாக்ஸ் இறக்கும் கூலிதான் பெரிது, அதை இரண்டு தடவை கொடுப்பானேன். அந்தச் சின்ன பேரிங்கை யாரும் மதிப்பதில்லை. அது இறுகினாலும் ரிவர்ஸில் இதே சத்தம்தான் வரும்.

ஓடைக்குள் போகிறவர்களுக்கு இன்னொன்று. சில வண்டிகளில் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளையும் அதற்கு ஒரு போல்ட்டும் உண்டு. ஆழமான தண்ணீரில் இறங்கும் முன் போல்ட்டை மாட்ட வேண்டும், ஏறியதும் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால் கசிகிற ஆயில் உள்ளேயே தேங்கிக் கடைசியில் பிளேட்டை நனைக்கும். அப்புறம் வண்டி எடுக்கும்போதெல்லாம் உதறும்.

என் வண்டியில் இப்போது அந்தத் துளையிலிருந்து வாரத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது. அடியில் ஓர் அட்டையைப் போட்டு வைத்திருக்கிறேன். நிறம் கறுப்பு, கந்தக நாற்றம் இல்லை, ஆக எஞ்சினின் பின் சீல். எடுக்கும்போது உதறல் இன்னும் தொடங்கவில்லை. தொடங்கும் வரை அட்டையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.