வெயிலூர்த் தூசியும் பழைய நெகட்டிவும்: எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

கையில் இருப்பது பெரும்பாலும் 35 மி.மீ. கலர் நெகட்டிவும் ஸ்லைடும் என்றால், அகச்சிவப்புக் கதிர் வசதியுள்ள தனி ஃபிலிம் ஸ்கேனரையே வாங்குங்கள். எப்சன் வி600 ஃபிளாட்பெட் (தட்டையான கண்ணாடித் தளத்தில் வைத்து ஸ்கேன் செய்யும் வகை), மேக்ரோ லென்ஸ் மாட்டிய கேமரா, பழைய நிக்கான் கூல்ஸ்கேன் ஃபிலிம் ஸ்கேனர் எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு நாங்கள் எடுத்தது பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ (8200i). வேலூரில் முடிவைத் தீர்மானிப்பது தூசி. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

முதலில் ஒதுக்க வேண்டியவை. பிரிண்டரோடு வரும் ஸ்கேனரில் மூடிக்குள் விளக்கு இல்லை. நெகட்டிவுக்கு அது உதவாது. சின்னத் திரையோடு வரும் கைக்கடக்கமான பெட்டிகள் ஒரு நொடியில் படம் தரும். ஆனால் தருவது ஜேபெக் மட்டும். ஓரங்களை வெட்டிவிடும், வெளிச்சமும் இருளும் அதிகமுள்ள ஃப்ரேமில் திணறும். வாட்ஸ்அப்பில் அனுப்ப அது போதும், பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டப் போதாது.

டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) கணக்கில் அதிகம் மயங்க வேண்டாம். அட்டையில் 8200ஐ 7200 என்றும் வி600 6400 என்றும் சொல்லும். உண்மையில் பிரித்துக் காட்டுவது பிளஸ்டெக்கில் 3000-த்தைச் சற்றுத் தாண்டும். வி600-இல் ஏறத்தாழ 1500. 24×36 மி.மீ. ஃப்ரேமை 3600-இல் ஸ்கேன் செய்தால் சுமார் 17 மெகாபிக்சல், 48 பிட் டிஃப் (TIFF) கோப்பு நூறு எம்.பி.க்குச் சற்று மேல். 7200-இல் அது நான்கு மடங்காகி 400 எம்.பி.யைத் தாண்டும்; கூடுதல் விவரம் அநேகமாக இருக்காது. 3600 போதும்.

இனி தூசி. கோடையில் காய்ந்து கிடக்கும் பாலாற்று மணல், சாலைப் புழுதி, தலைக்கு மேல் ஓயாமல் சுற்றும் ஃபேன் என்று எல்லாமே ஃபிலிமுக்கு எதிரி. ஏப்ரல், மே மாத உலர் வெப்பத்தில் நெகட்டிவை உலர்ந்த துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, துடைத்ததைவிட அதிகத் தூசியை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் ஈரம் ஏறினால் பூஞ்சை வேறு. முப்பது வருடம் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்த நெகட்டிவ் சுத்தமாகக் கிடைப்பது அபூர்வம்.

அகச்சிவப்பு இங்கேதான் கைகொடுக்கிறது. கலர் ஃபிலிமின் சாயங்கள் அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதில்லை. தூசியும் கீறலும் தடுக்கும். ஸ்கேனர் இரண்டாம் முறை அந்தக் கதிரில் ஓடும்போது படம் மறைந்து அழுக்கு மட்டும் கறுப்பாக நிற்கும். மென்பொருள் அந்த இடங்களைச் சுற்றியுள்ள நிறத்தைக் கொண்டு நிரப்பிவிடும். சில்வர்ஃபாஸ்ட் என்ற ஸ்கேன் மென்பொருளில் இதன் பெயர் ஐ.எஸ்.ஆர்.டி. எப்சனில் டிஜிட்டல் ஐஸ். பிளஸ்டெக் 8100-இல் இந்த வசதி கிடையாது. மாடல் எண்ணின் கடைசியில் ‘ஐ’ (i) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விலை குறைகிறதே என்று 8100 எடுத்தால் வாங்கிய நோக்கமே போய்விடும்.

நேரத்தைக் கணக்கிட்டால் வித்தியாசம் தெரியும். கேமராவில் 36 ஃப்ரேம் ரோலைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். பிறகு ஃபோட்டோஷாப்பில் ஒவ்வொரு புள்ளியாக டச்சிங். ஃப்ரேமுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் ரோலுக்கு மூன்று மணி நேரம், அதுவும் கண்ணும் கையும் இடைவிடாமல். 8200ஐ-யில் முன்னோட்டம், இரண்டு ஓட்டம் எல்லாம் சேர்த்து ஃப்ரேமுக்கு மூன்று நான்கு நிமிடம். ரோலுக்கு இரண்டு மணி நேரம் ஆகும், ஆனால் இடையில் வேறு வேலை பார்க்கலாம். ஒரு குறை உண்டு: ஆறு ஃப்ரேம் ஹோல்டரை ஒவ்வொரு முறையும் கையால்தான் நகர்த்த வேண்டும், தானாக நகராது. ஐ.எஸ்.ஆர்.டி.யைக் குறைந்த அளவில் வையுங்கள். அதிகம் ஏற்றினால் புடவை ஜரிகை, தலைமுடி போன்ற நுண்ணிய இடங்கள் மழுங்கும்.

கறுப்பு வெள்ளைக்கு இந்த வாதம் செல்லாது. ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ (Indu) ஃபிலிம் ஆனாலும் வெளிநாட்டு ஃபிலிம் ஆனாலும் படத்தை உருவாக்குவது பெரும்பாலும் வெள்ளித்துகள். அது அகச்சிவப்பைத் தடுக்கும். மென்பொருள் படத்தையே அழுக்கென்று எண்ணி அழிக்கும். கோடக்ரோம் ஸ்லைடிலும் ஓரளவு இதே தொல்லை. அங்கெல்லாம் ஐ.எஸ்.ஆர்.டி.யை அணைத்துவிடுங்கள்.

எனவே கறுப்பு வெள்ளையே அதிகம் என்றால் கேமராவை யோசிக்கலாம். 24 மெகாபிக்சல் உடல், 1:1 மேக்ரோ லென்ஸ், உறுதியான ஸ்டாண்டு, நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்.இ.டி. பேனல் வேண்டும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, ரா (பதப்படுத்தாத மூல) கோப்பு. ஃபிலிமைப் பேனலுக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் பேனல் மீதுள்ள தூசி ஃபோகஸில் விழாது. கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஃபிலிம் வைக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து வியூஃபைண்டரில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரிய வேண்டும். கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தைக் கழித்துச் சரியான தோல்நிறம் வரவைப்பது தனி வேலை. டார்க்டேபிள் மென்பொருளில் இதற்கென உள்ள நெகடாக்டர் இலவசம், ஆனால் பழக நாளாகும்.

வி600-ஐ ஒரே காரணத்துக்காக மதிக்கலாம்: 35 மி.மீ.யைவிட அகலமான 120 ஃபிலிம். அக்ஃபா கிளிக் போன்ற பெட்டிக் கேமராவில் எடுத்த 6×6 செ.மீ. நெகட்டிவ் வீட்டில் இருந்தால் 8200ஐ-யில் நுழையாது. அளவு பெரியது என்பதால் அங்கே 1500 டி.பி.ஐ.கூடப் போதுமானது. சுருண்ட 35 மி.மீ. ஃபிலிமில் வி600 ஹோல்டர் சொதப்பும்; உயரம் மாற்ற முடியாததால் நடு மட்டும் கூர்மையிழக்கும். வி850-இல் உயரம் மாற்றலாம். விலை வேறு வரிசை. அதில் எங்கள் கை அதிகம் பழகவில்லை, அதனால் அழுத்திச் சொல்லவில்லை.

கூல்ஸ்கேன் 5000 கிடைத்தால் 4000 டி.பி.ஐ., ஆட்டோஃபோகஸ், அருமையான படம். ஆனால் உற்பத்தி நின்று பல வருடமாகிறது. உள்ளே இருக்கும் கண்ணாடியில் தூசி படிந்தால் வெளிச்சமான ஓரங்களில் மூட்டம் போடும், பிரித்துத் துடைக்க வேண்டும். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரைத் தேடிச் சென்னைக்கு 140 கிலோமீட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய மனமிருந்தால் வாங்கலாம்.

எந்த இயந்திரமானாலும் விடிகாலையில் வேலையை வையுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் பத்து மணிக்கு மேல் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது, ஃபேன் ஓடினால் ஃபிலிம் ஏற்ற முடியாது. தரையை ஈரத்துணியால் துடைத்து அரைமணி விட்டு ஆரம்பியுங்கள். ரப்பர் ப்ளோவரால் இரு பக்கமும் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி கறையாகும். பூஞ்சை பிடித்த நெகட்டிவைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து படமே போய்விடும். தொண்ணூற்றெட்டு சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சு, மெல்லிய கை. ஜெலட்டின் போன இடத்தை அகச்சிவப்பாலும் மீட்க முடியாது. சுருண்ட துண்டுகளை உறையோடு கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு வாரம் வைத்தால் ஓரளவு படியும்.

8200ஐ-யின் இரு பக்கமும் ஹோல்டர் நுழையும் துவாரம் திறந்தே இருக்கும். வேலை முடிந்ததும் இயந்திரத்தோடு வரும் பையில் போட்டு மூடுங்கள். மேசை மேல் திறந்தபடி விட்டால் தூசி உள்ளே சென்சார் வரை போகும்.