சார்ல்ஸ்டன் ஓக் மரங்கள்: ஏஞ்சல் ஓக்கா, பூன் ஹாலா?

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள சார்ல்ஸ்டன் நகரில் அரை நாள்தான் கையில் இருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும். ஏஞ்சல் ஓக் என்ற மரம் நகருக்குத் தென்மேற்கே, பூன் ஹால் என்ற பழைய தோட்டப் பண்ணை வடகிழக்கே. மரத்துக்காகவே போகிறீர்கள் என்றால் ஏஞ்சல் ஓக்தான்.

ஜான்ஸ் தீவில் நிற்கும் இந்த ஒற்றை மரத்தின் உயரம் சுமார் 65 அடிதான். நிழலோ 17,000 சதுர அடி. கிளைகள் எடை தாளாமல் தரையில் படுத்து மறுபடி மேலெழும்புகின்றன. அகலக் கோண லென்ஸ் இல்லாவிட்டால் பாதி மரம்தான் படத்தில் சிக்கும். மழைக்கு மறுநாள் போனால், பழுப்பாகச் சுருண்டு கிடந்த பெரணி கிளை நெடுகப் பச்சையாக விரிந்திருக்கும். கிளையில் ஏறக் கூடாது. அடிமரத்தை ஒட்டி மிதிப்பதும் கெடுதல்தான்: வேர் மேலாக ஓடுகிறது, மண் இறுகினால் காற்றும் நீரும் இறங்காது. நுழைவு இலவசம்.

பூன் ஹாலில் கட்டணம் உண்டு. அங்கே சாலையின் இருபுறமும் 1743இல் நட்ட ஓக் வரிசை முக்கால் மைல் நீளும். தள்ளி நின்று டெலி லென்ஸில் (தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் லென்ஸ்) எடுத்தால் கிளைகள் கூரைபோல நெருங்கி விழும். தொங்கும் ஸ்பானிஷ் பாசி ஒட்டுண்ணி அல்ல, அன்னாசிக் குடும்பச் செடி. சாலையோரம் அடிமைகள் வாழ்ந்த 9 செங்கல் குடில்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.