ரேமண்ட் மர்ஃபியோட நீல அட்டை கிராமர் புக் வாங்கலாமா?

இங்கிலீஷ் ஓரளவு புரியும் ஆனா பேசினா எழுதினா தப்பு வருதுன்னு இருக்கறவங்களுக்கு நான் தைரியமா சொல்ற புக் இது, இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ், கேம்பிரிட்ஜ் வெளியீடு. முதல்ல வந்தது 1985ல, 2019ல வந்த அஞ்சாவது எடிஷன்ல 145 யூனிட் இருக்கு.

இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் எக்சர்சைஸ், ஒரு யூனிட் அவ்ளோதான். இதுல எனக்கு ரொம்ப புடிச்சது, நிறைய இடத்துல சரியான வாக்கியத்துக்கு பக்கத்துலயே இப்படி சொல்லக்கூடாதுன்னு தப்பானதையும் போட்டிருப்பாங்க. பாத்தா நாம தினம் பேசுறது! 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்'னு சர்வ சாதாரணமா சொல்றோம்ல, அங்க 'ஐ ஹேவ்' தான் வரணும், ஆனா 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி, ஏன்னா அது அந்த நேரத்துல நடந்துட்டு இருக்கிற வேலை, இந்த ஹேவ் சமாச்சாரம் 17வது யூனிட்ல இருக்கு.

அடுத்து 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்', இதுல ரெண்டு தப்பு. முன்னாடி ஆரம்பிச்சு இன்னும் நடக்குதுன்னா 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்', எவ்ளோ காலம்னு சொல்ல 'ஃபார் த்ரீ இயர்ஸ்', எப்ப ஆரம்பிச்சதுன்னு சொல்லணும்னா தான் 'சின்ஸ் 2020'. 11, 12 ரெண்டு யூனிட்டையும் சேர்த்து போடுங்க, இண்டர்வியூ போறவங்க கண்டிப்பா போடணும். டிஸ்கஸ் பக்கத்துல அபவுட் வேணாம், 'மேரீட் வித்' தப்பு, 'மேரீட் டூ' தான் சரி, இதெல்லாம் புக்கோட கடைசிப் பகுதியில ப்ரெபொசிஷன் யூனிட்ஸ்ல வரும்.

முதல் பக்கத்துல இருந்து வரிசையா படிக்காதீங்க ப்ளீஸ், பாதியில விட்டுடுவீங்க. பின்னாடி ஸ்டடி கைடுன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அதுல எது தெரியலையோ அந்த யூனிட் மட்டும் போனா போதும்.

விளக்கம் முழுக்க இங்கிலீஷ்ல தான், அதனால ரொம்ப பேசிக்ல இருக்கறவங்க இதே ஆளோட சிவப்பு அட்டை எசென்ஷியல் புக்ல ஆரம்பிங்க. பேச்சுப் பழக்கம் இது தராது, எக்சர்சைஸ் போட்டதும் அதே மாதிரி சொந்தமா நாலு வாக்கியம் வாய்விட்டு சொல்லுங்க.

ஆர்டர் போடும்போது 'வித் ஆன்சர்ஸ்'னு இருக்கான்னு பாருங்க, ஆன்சர் இல்லாத எடிஷனும் விக்கிறாங்க, தனியா படிக்கறவங்களுக்கு அது சரிப்படாது. பழைய புக் கடையில வாங்கினா எக்சர்சைஸ்ல யாராவது பேனால எழுதி வச்சிருக்காங்களான்னு புரட்டிப் பாத்துட்டு காசு குடுங்க.