சாயம் பூசிய கல்லை அக்வா சாயில் என்று விற்கிறார்கள், கவனம்

செடி வளர்க்கும் மீன் தொட்டிக்கு அடிமண் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 8 நியான் டெட்ரா மீன்கள் செத்துப்போயின. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

கடையில் அக்வா சாயில் கேட்டேன். பெயரோ முத்திரையோ இல்லாத பாலிதீன் பையில் கறுப்பு மணிகளை எடுத்து வைத்தார். "கம்பெனி மூட்டைதான் சார், நாங்க பிரிச்சுப் போடறோம். நல்லா தேய்ச்சுக் கழுவிப் போடுங்க, இன்னைக்கே மீன் விடலாம்" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வரியிலேயே இரண்டு பொய். அக்வா சாயில் என்பது மண்ணை மணியாக உருட்டிச் சுட்டது. தேய்த்துக் கழுவினால் சேறாகிவிடும். பல வகைகள் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவும் விடும். அதில் யாரும் அன்றே மீன் விடச் சொல்ல மாட்டார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, நம்பிவிட்டேன்.

கழுவும்போதே தண்ணீர் மை கரைத்ததுபோல் ஓடியது. நாலு வாளி மாற்றியும் தெளியவில்லை, உள்ளங்கை ரேகையெல்லாம் கறுப்பு. மணிகள் ஒன்றோடொன்று உரசி ஜல்லிபோல் கலகலத்தன. மண்தூசி என்று நினைத்துக்கொண்டேன். சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் வினிகர் பட்டதும் நுரைக்கும் என்று, சந்தேகத்துக்கு ஒரு சொட்டு விட்டும் பார்த்தேன், நுரைக்கவில்லை.

மூன்றாம் வாரம் அமேசான் சுவார்டு செடியின் புது இலைகள் மஞ்சளாக வந்தன, நரம்பு மட்டும் பச்சை. இரும்புச் சத்து எட்டவில்லை என்பதற்கான அடையாளம் அது. டெட்ராக்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. டெஸ்ட் கிட்டில் பார்த்தால், 7 இருந்த பிஹெச் 8-ஐத் தாண்டியிருந்தது. 3 இருந்த கேஹெச் (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை) 11. அம்மோனியாவும் இருந்தது. பிஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவில் விஷமாகும் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிறது. மென்மையான தண்ணீரில் வாழப் பிறந்த மீன், பாவம், எப்படித் தாங்கும்?

ஒரு மணியை எடுத்துச் சுத்தியலால் உடைத்தேன். மேலே மெல்லிய கறுப்புத் தோல், உள்ளே சர்க்கரைபோல் மின்னும் வெள்ளை. உடைந்த இடத்தில் வினிகர் பட்டதும் புசுபுசுவென்று குமிழி. சுண்ணாம்புச் சத்துள்ள கல், அனேகமாகச் சலவைக்கல் தூள். அது கரைந்துதான் கேஹெச்சும் பிஹெச்சும் ஏறியிருக்கின்றன. முதல் நாள் நான் விட்ட வினிகரை அந்தச் சாயப் பூச்சுதான் தடுத்திருக்கிறது. அதனால் வினிகர் சோதனை செய்கிறவர்கள் மணியை உடைத்துவிட்டுச் செய்யுங்கள். நகத்தால் அழுத்தியே நொறுங்கினால் மண். சுத்தியல் தேவைப்பட்டால் அது கல்.

கடைக்காரர் "உங்க வீட்டுத் தண்ணி அப்படி சார்" என்றார். சரி என்று ஒரே குழாய்த் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்து, ஒன்றில் மட்டும் ஒரு கைப்பிடி கல்லைப் போட்டு வைத்தேன். ஐந்தாம் நாள் சும்மா இருந்த பாட்டிலில் கேஹெச் 3, கல் போட்டதில் 7. இரண்டையும் தூக்கிக்கொண்டு போனேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பில் இல்லாததால் பணமும் வரவில்லை.

இதே கல், கடின நீரில் வாழும் ஆப்பிரிக்க ஏரிச் சிக்லிட் மீன்களின் தொட்டிக்கு நன்றாகவே உதவும். அப்படிச் சொல்லி விற்றிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகள் மட்டும் வைப்பவர்களுக்கு அக்வா சாயிலே வேண்டாம். மரக்கட்டையில் கட்டிவிட்டால் போதும், கிழங்கை மண்ணில் புதைத்தால்தான் அழுகும். சுவார்டு, கிரிப்டோகோரைன் மாதிரி வேரால் சாப்பிடுகிற செடிகளுக்கு, நுரைக்காத சாதா மணல் 5 செ.மீ. போட்டு வேருக்குப் பக்கத்தில் உர மாத்திரை புதைத்தாலே நன்றாக வரும். அதற்கு மேல் சாயில்தான் வேண்டும் என்றால் கம்பெனி முத்திரை பிரிக்காத பையாக, பில்லோடு வாங்குங்கள்.

மிஞ்சிய 2 டெட்ராக்கள் இப்போது அடியில் எதுவும் போடாத டப்பில், ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு இருக்கின்றன. தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுகிறேன். நேற்றிலிருந்து தீனி எடுக்கின்றன.