பலாப்பழ சீசனா, டீக்கடைக் கல்லாவா? பிசி கேம்களில் யார் பெட்டியில் அதிகக் காசு

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறிய ராத்திரி. லாஸ்பேட்டையில் அக்கா வீட்டு மாடியில் மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்திருந்தோம். ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை. அக்காவுக்குக் கீழ் வீட்டில் தண்ணீர் ஏறிவிடுமோ என்ற கவலை. எனக்கு வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றிய கவலை. அக்கா மகனுக்கு வேறு கவலை.

"மாமா, புதன்கிழமைக்குள்ள கரண்ட் வந்துடுமா?"

"ஏன்டா, பரீட்சையா?"

"ஸ்டீம்ல ஆட்டம் சேல் முடியுது மாமா."

ஆட்டம் என்றதும் ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். ஸ்டீம் என்பது கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடை, அங்கே இலையுதிர்காலத் தள்ளுபடியாம். பெரிய கேம்கள் எல்லாம் பாதி விலை, கால் விலைக்குக் கிடைக்கும். சரி, பையன் எதையோ குறி வைத்திருக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

கரண்ட் வந்தது, சேலும் இருந்தது. அவன் வாங்கியது தள்ளுபடியில் கிடந்த கேம் ஒன்றுகூட இல்லை. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேமுக்குள் பெட்டி திறக்கும் சாவி, 6 வாங்கினான். சாவிக்குத் தள்ளுபடியும் கிடையாது. கவுண்டர்-ஸ்ட்ரைக் இலவச கேம். பாதி விலைக்குக் கிடைக்கும் கேமை விட்டுவிட்டு, இலவச கேமுக்குள் முழு விலைக்குச் சாவி வாங்குகிறான். பிசி கேம்களில் அதிகம் சம்பாதிப்பது எது என்ற கேள்வி எனக்கு அங்கேதான் பிடித்துக்கொண்டது.

எனக்கும் இந்தத் துறைக்கும் பழைய தொடர்பு உண்டு. 2006-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் 8 கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். மணிக்கு 20 ரூபாய். பகலில் ரிசல்ட் பார்க்க, ரெசியூம் அடிக்க வருவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கம்ப்யூட்டர்களை லேன் கேபிளில் இணைத்துக் கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6, அதுவும் டஸ்ட் டூ மேப் மட்டும்தான். ஓட்டியது திருட்டுக் காப்பி என்பதால் கேமை உருவாக்கிய வால்வ் கம்பெனிக்கு என் கடையிலிருந்து ஒரு பைசா போனதில்லை. 2011 கடைசியில் அடித்த தானே புயலில் கூரை ஷீட்டோடு 4 மானிட்டரும் போனது, கடையை மூடிவிட்டேன். அப்போது என்னிடம் வாங்க முடியாததை அந்தக் கம்பெனி இப்போது என் மருமகனிடம் வட்டியோடு வாங்குகிறது.

முதலில் பட்டியலைப் பார்ப்போம்

வால்வ் நடத்தும் ஸ்டீம்தான் பிசி கேம்களுக்குப் பெரிய சந்தை. 2003-இல் தொடங்கியது. ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் அதிகம் வசூலித்த 100 கேம்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பிரித்து வெளியிடுவார்கள். முதல் 12 கேம்கள் பிளாட்டினம். ஆனால் அந்த 12-க்குள் யார் முதல், யார் கடைசி என்று வரிசை கிடையாது, கலைத்துப் போட்டிருப்பார்கள். கேமின் விலை மட்டுமல்லாமல் கேமுக்குள்ளே செலவழித்த காசும் இதில் சேர்த்தி.

2024 பிளாட்டினத்தில் பிளாக் மித்: வூகாங், பால்வேர்ல்ட், ஹெல்டைவர்ஸ் 2 போன்ற விலை வைத்த கேம்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, பப்ஜி என்று நுழைவுக் கட்டணமே இல்லாத மூன்று. முதல் வகையைப் பண்ருட்டி பலாப்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீசன் வந்தால் ரோட்டோரம் மலையாகக் குவிந்து கிடக்கும், முடிந்தால் முடிந்தது. இரண்டாவது வகை டீக்கடைக் கல்லா. ஒரு நாள் வசூலைப் பார்த்தால் சிரிப்பு வரும், வருஷக் கணக்கைப் பார்த்தால் வராது.

பலாப்பழம்

வூகாங்கைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சீனாவின் ஹாங்சோ நகரத்து கேம் சயின்ஸ் செய்தது. 2024 ஆகஸ்ட் 20-இல் வந்தது, விலை 60 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. மூன்றே நாளில், டிவியில் மாட்டி ஆடும் கன்சோலும் சேர்த்து, 1 கோடிப் பிரதிகள் விற்றன. ஸ்டீமில் ஒரே நேரத்தில் 24 லட்சம் பேர் ஆடினார்கள். ஒருவர் மட்டும் தனியாக ஆடும் கேமுக்கு அப்படியொரு கூட்டம் அதற்கு முன் கூடியதில்லை. ஆனால் இது ஒரு தடவை முடிக்கும் கதை. குரங்கு நாயகன் பயணத்தை முடித்துவிட்டால் வாங்கியவரிடமிருந்து அடுத்த காசு வர வழியில்லை.

இதில் ஸ்டீமுக்கு எவ்வளவு போகும்? மண்டி கமிஷன் மாதிரி இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கேமின் வசூல் 1 கோடி டாலர் வரை 30 சதவீதம், அதற்கு மேல் 5 கோடி வரை 25, அதற்கும் மேலே போனால் 20. 2018-இல் வந்த ஏற்பாடு. 10 கோடி டாலர் வசூலித்த கேம் ஒன்றை எடுத்துக்கொண்டால், முதல் கோடிக்கு 30 லட்சம், அடுத்த நாலு கோடிக்கு 1 கோடி, மிச்சம் ஐந்து கோடிக்கு 1 கோடி. ஆக 2.3 கோடி டாலர் மண்டிக்கு. 50 ஆயிரம் டாலர் மட்டும் வசூலித்த சின்னப் பையனுக்கு முழு 30 சதவீதம். ஒரு கூடை கொண்டுவருகிறவனுக்கு அதிகக் கமிஷன், லாரியில் கொண்டுவருகிறவனுக்குக் குறைச்சல். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

பலாப்பழத்திலேயே சின்ன ரகம் ஒன்று உண்டு: 30, 40 டாலர் விலையில், கூட்டாளிகளோடு சேர்ந்து ஆடுவது. 2024 ஜனவரியில் ஜப்பானின் பாக்கெட்பேர் விட்ட பால்வேர்ல்ட் 30 டாலர்தான். சுமார் ஒரு மாதத்தில் ஸ்டீமில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பிரதிகள் போயின. அடுத்த மாதமே வந்த ஹெல்டைவர்ஸ் 2-க்கு 40 டாலர். இவற்றின் சூட்சுமம் எளிது. ஒருவன் வாங்கினால் மூன்று பேரை இழுத்துக்கொண்டு வருவான். என் சென்டரிலும் ஒரு பையன் தனியாக வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

கல்லா

இனி அந்தச் சாவி விஷயம். கவுண்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ் 2012-இல் விலைக்கு வந்தது, 2018 டிசம்பரில் இலவசமாக்கினார்கள், 2023 செப்டம்பரில் அதுவே கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆக மாறியது. ஆடிக்கொண்டே இருந்தால் அவ்வப்போது ஒரு பெட்டி கிடைக்கும். திறக்கச் சாவி வேண்டும். சாவி 2.49 டாலர், நம் காசில் 200 ரூபாய்க்கு மேல். உள்ளே துப்பாக்கிக்கு ஒரு சாயம் இருக்கும், ஸ்கின் என்பார்கள். அதனால் குண்டு வேகமாகப் போகாது, குறியும் தப்பாமல் இருக்காது. அழகுக்கு மட்டும்தான்.

எல்லோரும் எதிர்பார்ப்பது கத்தியை. 2017-இல் சீனச் சட்டத்துக்காக வெளியிட்ட விகிதப்படி, கத்தி மாதிரி அபூர்வப் பொருள் விழும் வாய்ப்பு 0.26 சதவீதம். மலிவான நீல ரகம் விழும் வாய்ப்பு 79.92. சராசரி பார்த்தால் ஒரு கத்திக்கு 385 சாவி, எண்பதாயிரம் ரூபாயைத் தொடும். இந்தக் கணக்கை அவனுடைய ரஃப் நோட்டிலேயே போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அது ஆவரேஜ் மாமா" என்றான். நம் ஊரில் லாட்டரிச் சீட்டு வாங்கிய பெரியவர்களுக்கு ஆவரேஜ் என்ற வார்த்தை தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வருமானம் சாவியோடு நிற்பதில்லை. கிடைத்த ஸ்கின்னை ஸ்டீம் சந்தையில் விற்கலாம். வாங்குகிறவன் 115 ரூபாய் கொடுத்தால் விற்றவனுக்கு 100. நடுவில் போகும் 15-இல் 5 ஸ்டீமுக்கு, 10 கேமுக்கு. இரண்டும் ஒரே வீடு. அதே ஸ்கின் ஐந்து கை மாறினால் 75 ரூபாய் வால்வுக்கு, ஸ்கின் பழசாவதும் இல்லை. விற்றவனுக்கு வந்த அந்த 100 ரூபாயும் வெளியே வராது. ஸ்டீம் வாலட்டில் நிற்கும், பேங்குக்கு எடுக்க முடியாது, திரும்ப அங்கேயேதான் செலவழிக்க வேண்டும். திருவிழா ராட்டினத்துக்கு டோக்கன் வாங்கியவன் மிச்ச டோக்கனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் இன்னொரு சுற்று சுற்றுவான் இல்லையா, அதேதான்.

வூகாங் 100 ரூபாய்க்கு விற்றால் ஸ்டீமுக்கு இருபது சொச்சம்தான். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் கடையும் அவர்களுடையது, சரக்கும் அவர்களுடையது, யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, பெட்டியில் மிச்சமாகும் காசு என்று பார்த்தால், ஸ்டீமில் என் கணக்குக்கு முதலிடம் கவுண்டர்-ஸ்ட்ரைக்குக்குத்தான்.

ஆனால் கல்லாவின் சாவி கடைக்காரன் கையில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2025 அக்டோபரில் ஒரு அப்டேட் வந்தது. கத்திக்கு அடுத்த படியில் இருக்கும் சிவப்பு ரக ஸ்கின்கள் ஐந்தைக் கொடுத்து ஒரு கத்தி வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அபூர்வம் என்று பூட்டி வைத்திருந்த கத்திகளின் விலை ராத்திரியோடு ராத்திரியாகச் சரிந்தது, சிவப்பு ஸ்கின் விலை எகிறியது. என் மருமகனிடம் கத்தி இல்லாததால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான்.

டோட்டா 2 கதை வேறு மாதிரி. அதுவும் வால்வுடையது, அதுவும் இலவசம். வருஷாவருஷம் தி இன்டர்நேஷனல் என்ற போட்டிக்காக, கேமுக்குள் அலங்காரப் பொருள் தரும் பேட்டில் பாஸ் விற்றார்கள், விற்பனையில் 25 சதவீதம் பரிசுத் தொகையில் சேரும். 2021 போட்டியின் பரிசு 4 கோடி டாலரைத் தாண்டியது. கம்பெனி முதலில் போட்ட 16 லட்சத்தைக் கழித்து நாலால் பெருக்கினால், பாஸ் விற்பனை மட்டும் 15 கோடி டாலருக்கு மேல். ஊரே பரிசுத் தொகையைப் பார்த்து வாயைப் பிளந்தது, மிச்சம் முக்கால் பங்கு எங்கே போனது என்று கேட்கத் தோன்றவில்லை. பிறகு அந்தப் பெரிய பாஸையே விட்டுவிட்டார்கள். 2023-இல் பரிசு 30 லட்சம் டாலர் சொச்சத்துக்கு இறங்கியது.

பப்ஜி என்றால் இங்கே எல்லோருக்கும் 2020 செப்டம்பரில் தடை செய்த மொபைல் கேம்தான் ஞாபகம் வரும். மூத்தது பிசி கேம். 2017-இல் 30 டாலருக்கு விற்று, 2018 தொடக்கத்தில் ஒரே நேரத்தில் 32 லட்சம் பேரை உட்கார வைத்தது. 2022 ஜனவரியில் இலவசமாக்கினார்கள். அதற்குப் பிறகும் பிளாட்டினத்தை விட்டு இறங்கவில்லை. பலாப்பழமாகப் பிறந்து டீக்கடையாகப் பிழைத்துக்கொண்ட கேம்.

மண்டிக்கு வராத சரக்கு

ஸ்டீம் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னால் பெரிய ஆட்கள் சிலர் விட்டுப்போவார்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸும் வேலரன்ட்டும் ரயட் கம்பெனியின் சொந்த லாஞ்சரில், அதாவது ஸ்டீம் இல்லாமல் அவர்களே தரும் மென்பொருளில், ஓடுகின்றன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2010-லேயே 1.2 கோடிச் சந்தாதாரர்களிடம் வாடகை வசூலித்தது.

ஃபோர்ட்நைட் கேமை, அதைச் செய்த எபிக் கம்பெனியின் சொந்தக் கடையில் பார்க்க வேண்டும். எபிக் 2018 டிசம்பரில் 12 சதவீதக் கமிஷன் என்று சொல்லிக் கடை திறந்தது. 2025 நடுவிலிருந்து ஒரு கேமின் வருஷ வசூலில் முதல் 10 லட்சம் டாலருக்குக் கமிஷனே இல்லை. வாரா வாரம் இலவச கேம் வேறு. 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐயே சும்மா கொடுத்தார்கள், கூட்டம் தாங்காமல் கடையே படுத்துவிட்டது. இத்தனை செய்தும் 2024-இல் பிசியில் அங்கே செலவான 109 கோடி டாலரில் வெளியார் கேம்களுக்குப் போனது 25.5 கோடி மட்டும். மிச்சமெல்லாம் எபிக்கின் சொந்தச் சரக்கு, அதில் பெரியது ஃபோர்ட்நைட். என் மருமகனின் எபிக் கணக்கில் 200 கேம் கிடக்கிறது, ஒன்றுக்கும் காசு கொடுத்ததில்லை. தினம் சுண்டல் வாங்கிக்கொண்டு உண்டியலைத் தொடாமல் வரும் பக்தன்.

அதற்காக ஃபோர்ட்நைட்தான் பிசியின் ராஜா என்று சொல்லிவிட முடியாது. ஆப்பிளோடு நடந்த வழக்கில் வெளிவந்த ஆவணங்களின்படி, 2018 மார்ச் முதல் 2020 ஜூலை வரை அதன் வருமானத்தில் 46.8 சதவீதம் பிளேஸ்டேஷன் 4-இலிருந்தும் 27.5 சதவீதம் எக்ஸ்பாக்ஸிலிருந்தும் வந்தது. ஐபோனுக்கு 7 போக, பிசி, ஆண்ட்ராய்டு, ஸ்விட்ச் மூன்றும் மிச்சம் 19 சதவீதத்துக்குள் பங்கு போட வேண்டும். கூட்டத்தில் பேர் வாங்கிய கேம் எல்லாம் பிசியில் சம்பாதித்த கேம் ஆகாது.

இரண்டு பக்கமும் சேராத ஒன்றையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஸ்டார்டியூ வேலி, விவசாயம் செய்யும் கேம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உட்கார்ந்து செய்தது. 2016-இல் 15 டாலருக்கு வந்தது, இன்றும் அதே விலை. பத்து வருஷமாகப் புதுப் புது விஷயங்கள் சேர்த்தும் கூடுதலாக ஒரு காசு கேட்டதில்லை. 2024 கடைசி வரை பிசியில் மட்டும் 2.6 கோடிப் பிரதிகள். கம்பெனிக்குக் கவுண்டர்-ஸ்ட்ரைக் லாபம் என்றால், தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் இந்த ஆளை அடிப்பது கஷ்டம்.

போன மாதம் லாஸ்பேட்டை போனபோது மருமகன் பழைய ஸ்கின்கள் நாலைந்தை விற்று, வாலட்டில் சேர்ந்த காசில் அந்த ஸ்டார்டியூ வேலியை வாங்கினான். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நல்ல காரியம் என்று நினைத்து முடிப்பதற்குள், மிச்சம் இருந்த பணத்தில் இரண்டு சாவி வாங்கிவிட்டான். அக்கா காபியோடு மாடிக்கு வந்தாள்.

"இதுக்கெல்லாம் எவ்வளவுடா செலவாகுது?"

"ஃப்ரீ கேம்மா."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் காபியைப் பார்த்தேன்.